வயிற்றுக்குள் நிலாக்கள்

...மெல்லு, மெல்லு என்று அடுப்பங்கரையிலிருந்தே என் பெண்டாட்டி மார்லிஸ் சொல்கிறாள், மெல்லத்தான் செய்கிறேன், ஒரு பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் அத்தனையும் வாய்க்குள் இருப்பது போல இருக்கிறது, ஒரு கரண்டி முட்டை வெள்ளைக்கரு, ஒரு கடி மாத்திரை, மறுபடி முட்டை... சீஸுக்கே பேர்போன விஸ்கான்சினில் பிறந்துவிட்டு சீஸைத் தொடக்கூடாது என்றால் மீனைக் கரையில் குடியிரு என்பது போலத்தான், ஆனால் சாப்பாட்டில் இருக்கும் பாஸ்பரஸை வெளியே தள்ள என் சிறுநீரகங்களுக்குத் தெம்பில்லை, டயாலிசிஸுக்கும் முழுசாகக் கைவரவில்லை, மிச்ச வேலை இந்த மாத்திரையுடையது, சோற்றோடு சோறாக இதையும் தின்றாக வேண்டும். தேவாலயக் கோபுரம் வரை பனி ஏறிய வருஷத்திலும் லாரியில் போய் வாரித் தள்ளி வழி திறந்தவன் நான், கோபுர உச்சியில் காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவலே எனக்கு நன்றி சொன்னது, அப்பேர்ப்பட்ட கிளாரன்ஸ் வோகல் இன்று ஒரு போனுக்காக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரெனே கூப்பிடுவாள். மாற்று சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலை வைத்திருப்பவள் அவள்தான், நிறுத்தி வைத்த என் பெயர் மறுபடி ஏறுமா என்று இந்த வாரத்து ரத்தம் சொல்ல வேண்டும்...

நிறுத்தி வைத்தது தப்பா என்ன? மாதா மாதம் பாஸ்பரஸ் வானத்தைத் தொட்டது, நான் சாப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன், ரெனே மெதுவாகத்தான் சொன்னாள், "கோவிச்சுக்காதீங்க வோகல், மாத்திரை சாப்பிடறவங்க ரத்தம் இப்படி இருக்காது." இந்த மாத்திரையையே விழுங்காதவன் நாளைக்குப் புதுச் சிறுநீரகத்தை எப்படிக் காப்பாற்றுவான், ஆயில் பார்க்காத டிரைவரிடம் நானே லாரிச் சாவியைக் கொடுத்ததில்லையே. மார்லிஸ் மட்டும், நான் நம்பறேன் கிழவா என்றாள். அப்புறம் அந்த வயிற்று வலி, அது வாழ்க, அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்த சின்ன டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினாள், என் வயிற்றுக்குள் வெள்ளை வெளேரென்று வட்டம் வட்டமாக, ஒரு ஊருக்குப் போதுமான நிலாக்கள். "என்னங்க இது, காசை முழுங்கினீங்களா?" மாத்திரைகள்தான், முழுசு முழுசாக. மென்று தின்ன வேண்டியதை, மாவு பல்செட்டுக்கு அடியில் போய் அறுக்கிறதே என்று ஒரு மடக்குக் காபியில் விழுங்கிக்கொண்டிருந்தேன், மெல்லாத மாத்திரை சும்மா உருண்டு போய்விடுமாம், அது எனக்கு எங்கே தெரியும். ஆக நான் பொய்யன் இல்லை, வெறும் மடையன். இவ்வளவு வெளிச்சமான நற்சான்றிதழ் இந்த மாகாணத்திலேயே யாருக்கும் கிடைத்திருக்காது, கட்டில் ஆட ஆடச் சிரித்தேன். டாக்டரம்மா தானே ரெனேவுக்குப் போன் போட்டாள். மார்லிஸ் வராந்தாவுக்குப் போய் அழுதாள்...

மணி அடிக்கிறது, மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, எனக்கும் கேட்கும்படி மேஜையில் வைக்கிறாள். "எறங்கிடுச்சு வோகல். இன்னியிலேர்ந்து உங்க பேரு திரும்பப் பட்டியல்ல இருக்கு. விடாம மென்னுக்கிட்டே இருங்க." ரெனேவுக்கு நன்றி, டாக்டரம்மாவுக்கு நன்றி, அடியில் மாவு போகாத புதுப் பல்செட் செய்தவனுக்குச் சிலையே வைக்கலாம், வயிற்று வலிக்கும் ஒரு கும்பிடு... மார்லிஸ் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்குகிறதா, பாத்திரம் தேய்க்கிறாளா? அன்றைக்கு ஏன் அழுதாள்? நம்பியிருந்தால் என்னைப் போலச் சிரித்திருப்பாளே, பார்த்தியா என்று ரெனேவைப் போனிலேயே ஒரு பிடி பிடித்திருப்பாளே... அப்படியானால் நம்பவில்லை. நம்பாமலேயேதான் அத்தனை மாதமும், வேளை தவறாமல், தட்டின் ஓரத்தில் ஒரு மாத்திரையை வைத்துவிட்டு, நான் அதை ஒளித்தாலும் வெட்கப்படக் கூடாதென்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாளா? நம்பியவள் செய்தால் ஒரு கணக்கு, நம்பாதவள் செய்ததை எந்தக் கணக்கில் வைப்பது? கேட்டுவிடலாம், வாயில் இன்னும் பாதி மாத்திரை இருக்கிறது, அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள், மெல்லு.