மறுபடியும் அதே மலைக்கு

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு லீவு என்பது இரண்டு பௌர்ணமிக்கு நடுவில் கிடைப்பதுதான். பௌர்ணமிக்கு முந்தின நாளே தண்ணீர் பாட்டிலும் பிஸ்கெட்டும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிவிடும். மலை சுற்றுகிற கூட்டம் ஓய்ந்து, வாசலைக் கூட்டி, மிச்சச் சரக்கைத் திருப்பி அனுப்பி முடிக்க இன்னும் இரண்டு நாள் ஆகும். ஆதிலட்சுமியும் அவள் கணவர் திருமலையும் இருபத்தாறு வருடமாக இப்படித்தான் மாதங்களைக் கடத்தி வந்தார்கள். அதனால் மார்கழி பிறந்ததும் மகள் இனியா காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து, தைப் பௌர்ணமி கழிந்த நாலாம் நாள் கிளம்பலாம் என்று சொன்னபோது தேதியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே போவது என்பதில்தான் தகராறு வந்தது.

இனியாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. கல்வராயன் மலைக்குத்தான், அதே ஊருக்குத்தான், அதே வீட்டுக்குத்தான் என்றாள். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு விடுதியில் ரிசப்ஷன் வேலை அவளுக்கு. கூட்டமில்லாத இடமாகச் சொல்லு என்று கேட்கிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பேப்பரில் பஸ் ரூட் எழுதிக் கொடுத்துக் கொடுத்து, ஊட்டி, கொடைக்கானல் என்றாலே முகத்தைச் சுளிக்கிற அளவுக்கு வந்திருந்தாள். இரண்டு வருடம் முன்னால் அந்த மலையூரைக் கண்டுபிடித்ததும் அவள்தான். வெள்ளிமலையில் இறங்கி, அருவி பார்க்கப் போகிறவர்கள் எல்லாம் ஒரு பக்கம் திரும்ப, எதிர்ப்பக்கம் ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரம் போக வேண்டும். நாற்பது ஐம்பது வீடு. ஊர்க் கடைசியில் மணிமொழி என்கிற பெண் தன் வீட்டை ஒட்டி இருந்த ஓட்டு அறையை வந்து தங்குகிறவர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாள் தங்கினார்கள். பார்ப்பதற்கென்று அங்கே எதுவும் இல்லை. திருமலை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பகலில் தூங்கினார். திரும்பி வந்து ஒரு மாதம் வரைக்கும் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஊர்ச் சாமைச் சோற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

ஆதிலட்சுமி மட்டும் வேண்டாம் என்றாள். பார்த்த ஊரையே எத்தனை தடவை பார்ப்பது என்றாள். ஊட்டிக்குப் போகலாம், எல்லாரும் போகிறார்கள், நாம் மட்டும்தான் பார்க்கவில்லை என்றாள். சீசனில் ஊட்டி ரோட்டில் வண்டிகள் நிற்கிற வீடியோவை இனியா செல்போனில் காட்டினாள். அதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் கன்னியாகுமரி என்றாள் ஆதிலட்சுமி. போன தடவை அந்த மலையை விட்டு வர மனசில்லாமல், இரண்டாம் நாள் ராத்திரியே இன்னும் ஒரு நாள் இருக்கலாமா என்று கேட்டது இதே அம்மாதானே என்று இனியாவுக்கு ஒரே குழப்பம். திருமலை, முழங்கால் வலியாக இருக்கும், வெளியே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த இனியா, யாரையும் கேட்காமல் தானே மணிமொழிக்குப் போன் செய்துவிட்டதாகச் சொன்னாள். ஆதிலட்சுமி கையிலிருந்த சில்லறை டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். மணிமொழி மரியாதையாகத்தான் பேசினாளாம். திருவண்ணாமலையிலிருந்து மூன்று பேர் வந்தோமே என்றதும் குரல் இறங்கிவிட்டதாம். அப்புறம், இப்போதெல்லாம் அறையை யாருக்கும் விடுவதில்லை என்று சொன்னாளாம். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டில் ஒரு பிரச்சினை ஆகிவிட்டது, அதிலிருந்து வெளி ஆட்களைத் தங்க வைப்பதில்லை என்று முடித்துக்கொண்டாளாம்.

“நல்லா இருந்தாங்க பாவம். இன்னா ஆச்சோ தெரியல” என்றாள் இனியா.

அன்றைக்கு ஆதிலட்சுமி சாப்பிடவில்லை. என்ன பிரச்சினை என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடம் முன்னால், அந்த மலையூரில் தங்கிய கடைசி நாள் காலையில் திருமலையும் இனியாவும் ஓடை வரைக்கும் நடந்து போயிருந்தார்கள். குளிருக்குப் பயந்து ஆதிலட்சுமி மட்டும் அறையில் இருந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையில் குரங்குக் குல்லா. வந்த நாளிலிருந்து, தூங்கும்போது கூட அதைக் கழற்றவில்லை. காதில் ஏதோ குறைகிற மாதிரி இருந்து, குல்லாவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். இடது காதில் கல் கம்மல் இல்லை. பாயை உதறினாள். பையைக் கொட்டினாள். குழாயடி வரைக்கும் குனிந்து தேடினாள். மணிமொழியும் கூடவே தேடினாள். கிடைக்கவில்லை என்றதும் ஆதிலட்சுமியின் குரல் மாறிவிட்டது. இந்த அறைக்குள் யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள். நேற்று சாயங்காலம் பெருக்குவதற்கு என் நாத்தனார் வந்தாள், வேறு யாரும் வரவில்லை என்றாள் மணிமொழி. அப்படியானால் உங்கள் நாத்தனாரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, தட்டில் போட்டு வைத்திருந்த இட்லியைத் தொடாமல் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றாள் ஆதிலட்சுமி. எடுத்தாள் என்று சொல்லவில்லை. சொல்லாமலே சொல்லியாகிவிட்டது.

ஓடையிலிருந்து திரும்பிய இரண்டு பேரையும், நேரமாகிவிட்டது என்று சொல்லி அங்கிருந்தே ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். திருமலைக்குப் பிரஷர் உண்டு. பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் குல்லாவைத் துவைக்க எடுத்தபோது விரலில் ஏதோ குத்தியது. கம்பளி நூலில் திருகாணி சிக்கிக்கொண்டு, கம்மல் அங்கேயே இருந்தது. மணிமொழியை அவள் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றபோது, கம்மல் அவள் தலையில்தான் இருந்திருக்கிறது.

அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டாள். ஒரு வாரம் ஆனபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. ஒரு மாதம் கழித்து, அவர்களே மறந்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கம்மலைப் பழையபடி காதில் போட்டுக்கொண்டாள். தொலைந்ததே யாருக்கும் தெரியாததால் கிடைத்ததும் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அந்த அறை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

இனியா போன் செய்ததற்கு மறுநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் திருமலையிடம் சொல்லிவிட்டாள். அவர் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

“கெடைச்சுதுன்னு அந்தம்மாகிட்ட சொன்னியா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லீங்க.”

அவர் கடைசிப் பாட்டிலையும் வைத்துவிட்டு எழுந்தார். “நாம ஊருக்குப் போறோமோ இல்லையோ, அது அப்புறம். மொதல்ல அத சொல்லிடணும். நான் பேசட்டுமா, நீயே பேசறியா?”

நானே பேசுகிறேன் என்றாள் ஆதிலட்சுமி. நம்பர் இனியாவின் போனில் இருந்ததால் அவளிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. இனியா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை. அந்த வீட்டைப் பற்றி விடுதியில் எத்தனை பேரிடம் பெருமையாகப் பேசியிருப்பேன் என்றாள். அப்புறம் தானே போய் நாற்காலியை இழுத்துப்போட்டு, உட்காரும்மா, உட்கார்ந்து பேசு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை மணி அடித்து நின்றுவிட்டது. இன்றைக்கு வேண்டாம் என்று ஆதிலட்சுமி சொல்ல வாயெடுத்த நேரத்தில் மணிமொழியே திருப்பிக் கூப்பிட்டாள். இனியா ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஆதிலட்சுமிக்கு மறந்துபோனது.

“மணிமொழி, நான் ஆதிலட்சுமி பேசறேன்மா. அன்னிக்கு கம்மல் காணோம்னு கேட்டேனே, அது யாரும் எடுக்கல. என் குல்லாவுலயே மாட்டிக்கினு இருந்துச்சு. மறுநாளே பாத்துட்டேன். சொல்லாம உட்டது என் தப்பு.”

அந்தப் பக்கம் கோழி கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

“கெடைச்சுடுச்சாக்கா?” என்றாள் மணிமொழி. “நெஜமாவே கெடைச்சுடுச்சா?”

அதன் பிறகு அவள் சொன்னதை மூன்று பேரும் அசையாமல் கேட்டார்கள். அவர்கள் போன பிறகு அவள் குழாயடிச் சாக்கடையைத் தோண்டி மண்ணைச் சலித்துப் பார்த்திருக்கிறாள். அறைக் கூரையின் ஓட்டைக் கூடப் பிரித்துப் பார்த்தார்களாம். ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் நாத்தனார் ஜோதியிடம் கேட்டிருக்கிறாள். எடுத்தியா என்று கேட்கவில்லை, பார்த்தியா என்றுதான் கேட்டாளாம். ஆனால் ஜோதிக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த துடைப்பத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனவள்தான். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். இரண்டு வருடமாக வாசப்படி மிதிக்கவில்லை. மணிமொழியின் மகள் வயசுக்கு வந்தபோது சொந்த அத்தை வந்து தண்ணீர் ஊற்றவில்லை. எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் மணிமொழியின் புருஷன் இரண்டு பேரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாராம்.

ஆதிலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அறையைப் பூட்டியதுதான் தன்னால் ஆனது என்று நினைத்திருந்தாள். இது அவளுக்குத் தெரியாது. நான் வந்து காலில் விழுகிறேன் என்றாள்.

“கால்ல எல்லாம் உழ வேணாக்கா. இப்ப என்கிட்ட சொன்னத ஜோதிகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. போன எடுத்துக்கினு போறேன், கட் பண்ணிடாதீங்க.”

நடக்கிற சத்தம் கேட்டது. நாய் ஒன்று குரைத்தது. யாரோ எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு மணிமொழி பதில் சொல்லவில்லை. ஒரு படல் திறந்தது. மணிமொழி தாழ்ந்த குரலில் யாரிடமோ ஏதோ சொன்னாள். கடைசியில் வேறு ஒரு குரல், சொல்லுங்க, என்றது.

ஆதிலட்சுமி மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை அழாமல் சொன்னாள். குல்லா, கம்பளி நூல், திருகாணி எல்லாவற்றையும் சொன்னாள். உங்களைக் கேட்கச் சொன்னது நான்தான், உங்கள் அண்ணி தானாக உங்கள் மேல் சந்தேகப்படவில்லை என்றாள்.

ஜோதி பேசினாள். குரல் கோபமாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை.

“இந்த ஊர்ல என்னப் பாத்து யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா எங்க போனாலும் எனக்குக் கை கூசும். ஒரு வீட்டுல தண்ணி மொண்டு குடிக்கணும்னாகூட யோசிப்பேன். எங்க அம்மா இத கேக்காமலே போய்ட்டாங்க.”

திருமலை போன் பக்கம் குனிந்து, நான் ஆதிலட்சுமியின் வீட்டுக்காரன், எங்கள் எல்லார் சார்பிலும் மன்னிப்புக் கேட்கிறேன், ஊரில் யாரிடம் சொல்ல வேண்டுமானாலும் வந்து சொல்கிறோம் என்றார்.

ஜோதி போனைக் கட்டிலிலோ எதிலோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது. அணைக்க மறந்திருந்தாள். சற்று தூரத்தில் மணிமொழி ஜோதி, ஜோதி என்று கூப்பிடுவது கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏதோ பேசினார்கள். பிறகு அழுகைச் சத்தம். எது யாருடையது என்று தெரியவில்லை. நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டார்கள். இனியா மெதுவாகக் கையை நீட்டிப் போனை அணைத்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டது போல மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைக்கு ஒரு ஆள் வந்து சோடா கேட்டார். ஆதிலட்சுமிதான் எழுந்து போய்க் கொடுத்தாள். இரண்டு வருடமாக நெஞ்சுக்குக் கீழே எதுவோ அடைத்துக்கொண்டே இருந்தது. இல்லாமல் போன பிறகுதான் அது இருந்ததே அவளுக்குத் தெரிந்தது. உள்ளே வந்து இரண்டு தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாள். பகலில் படுத்துப் பழக்கமில்லாதவள், சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் தூங்கினாள்.

அதற்கு மேல் அந்த மலைக்குப் போவதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. கேட்க யாருக்கும் முகம் இல்லை. இனியா கன்னியாகுமரி ரயில் நேரம் பார்க்க ஆரம்பித்திருந்தாள். மூன்றாம் நாள் மணிமொழியிடமிருந்து போன் வந்தது. அறையைத் திறந்து வெள்ளை அடித்தாயிற்று என்றாள். நீங்கள் வராவிட்டால், இந்தம்மா போனில் சொன்னதோடு சரி, நேரில் வந்து நிற்கத் தைரியமில்லை என்று ஜோதி நினைத்துக்கொள்வாள் என்றாள். எந்தத் தேதி என்று கேட்டாள்.

திட்டத்தை இனியா ஒரே ராத்திரியில் போட்டு முடித்தாள். விடியற்காலை பஸ்ஸில் கள்ளக்குறிச்சி, அங்கே டிபன், எட்டரைக்கு வெள்ளிமலை பஸ். இந்தத் தடவை ஐந்து நாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதித் தருகிற மாதிரியே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தாள். கடையைத் திருமலையின் தம்பி ராமகிருஷ்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

போனார்கள். ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது மணிமொழி பையை வாங்கிக்கொள்ள வந்தாள். ஜோதி வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. ஆதிலட்சுமி ஜோதி வீட்டுப் படல் வரைக்கும் போய்விட்டு, உள்ளே போகத் துணிவில்லாமல் திரும்பினாள். அவசரப்படுத்தாதே என்றார் திருமலை. இரண்டாம் நாள் காலையில் ஜோதி ஒரு காலிச் சாக்கோடு வந்து அறை வாசலில் நின்றாள். கடுக்காய் பொறுக்கப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டாள்.

இரண்டு பேரும் சரிவில் ஏறிப் போனார்கள். மரத்தடியில் குனிந்து பொறுக்கிக்கொண்டே ஆதிலட்சுமி மெல்ல, இன்னும் என் மேல் கோபமா என்று கேட்டாள். ஜோதி சாக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“இருந்துச்சு, ஜாஸ்தியாவே இருந்துச்சு. இப்ப கம்மி” என்றாள். பிறகு ஆதிலட்சுமி பொறுக்கிப் போட்டதில் பாதியைச் சாக்கிலிருந்து எடுத்து வெளியே எறிந்தாள். “இதெல்லாம் பூச்சி அரிச்சதுக்கா. இந்த மாதிரி கெட்டியா இருக்கறதா பாத்து எடுங்க.”

ஆதிலட்சுமி அவள் நீட்டிய காயை வாங்கி, அழுத்திப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தேட ஆரம்பித்தாள்.