கையின் நிறம்

படத்தில் கணவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் சாம்பல் நிறத்தில். மாமியார் கேட்பதோ கலரில். கூடத்தில் மாட்ட வேண்டுமாம். கேட்டதோடு நிற்காமல் மருமகள் வேலை பார்க்கும் ஸ்டுடியோவுக்கே வந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கலர் படம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அவன் இறந்த அன்று பத்திரிகை விளம்பரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் கேட்டார்கள். படம் திருத்துவதே பிழைப்பாக இருப்பவள், "நானே பண்றேன்" என்று உட்கார்ந்தாள். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது, நிறத் தகவலை நீக்கிவிடலாமா என்று மென்பொருள் மரியாதையாகத்தான் கேட்டது. யார் யார் படத்துக்கோ அழுத்துகிற மாதிரி ஓகே அழுத்தி, அசல் கோப்பின் மேலேயே சேமித்து மூடினாள். நகல் எடுக்காமல் எதையும் தொடாத மனுஷி! அன்றைக்குக் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது, புத்தி எங்கேயோ கிடந்தது. வேறு படமும் தேறவில்லை. கேமராவைக் கண்டால் ஓடி ஒளிகிற ஆள் அவன். மற்றதிலெல்லாம் பாதி முகம், இல்லாவிட்டால் முதுகு.

அழுகை அன்றும் வரவில்லை. இன்றும் வரவில்லை.

ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்த்தார். "இதுக்கா முழிக்கிற? புதுசா ஒரு பிளக்-இன் போட்டிருக்கேம்மா. அதுவே கலர் குடுத்துடும். கண்ண மூடிட்டு அழுத்து."

படத்தை ஆர்ஜிபி என்கிற கலர் மோடுக்குத் திருப்பினாள். திருப்பினால் மட்டும் போன நிறம் வந்துவிடுமா என்ன? பிளக்-இன்னை அழுத்தினாள். சட்டை நீலமானது. முகம் வெளுத்துச் சிவந்தது.

மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "யாரும்மா இது?"

"உங்க பிள்ளைதான் அத்தை."

"போடி. எம்புள்ள கறுப்பு. இவ்ளோ வெளுப்பா இருந்திருந்தா உன்னையா கட்டியிருப்பான்?" சொல்லிவிட்டுச் சிரிக்க வந்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மருமகள் நிறத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். சிவப்பு தூக்கியது. குறைத்தால் மஞ்சள் தூக்கியது. மணப்பெண் கன்னத்தில் மஞ்சள் ஒரு துளி கூடினாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். தினமும் பக்கத்தில் படுத்து எழுந்த முகம் என்ன நிறமென்று தெரியவில்லை. பயமாகக்கூட இல்லை. பயப்பட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"ஞாபகம் வரல அத்தை."

மாமியார் திட்டுவாள் என்று காத்திருந்தாள். மாமியார் கையை நீட்டி, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தா, பாத்துக்கோ. அப்படியே என் நெறம் அவன். பொறந்தன்னிக்கே எல்லாரும் சொன்னாங்க."

போனில் அந்தக் கையைப் படமெடுத்து, கணினியில் திறந்து, மணிக்கட்டுக்கு மேலே ஒரு இடத்தில் நிறத்தை எடுத்தாள். நெற்றியில் தடவினாள். கன்னத்தில் தடவினாள். வெளுப்பு மெல்ல அடங்கியது.

"கண்ணுக்குக் கீழ இன்னும் கொஞ்சம்," என்றாள் மாமியார். "ஆங். அவன்தான்."

"சட்டை என்ன கலர்னு தெரியல அத்தை."

மாமியாருக்கும் தெரியவில்லை. நீலத்தை அழித்து, சட்டையைச் சாம்பலாகவே விட்டாள்.

"போதும் அத்தை, கைய எடுத்துக்கங்க."

மாமியார் எடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மேசைமேல் கிடந்தது. மருமகள் மவுஸை விட்டுவிட்டு, நிறம் எடுத்த இடத்தில் விரலை வைத்தாள். சூடாக இருந்தது.