முதலில் எந்தக் குழாய்

1

இந்தக் கதை ஒரு சுவருக்கு மேலாக என்னிடம் வந்தது. எங்கள் ஊர்ப் பொதுக் குளியல் வீட்டில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரையைத் தொடாது. ஆவி போக விட்ட இடைவெளி அது. ஆவியோடு பேச்சும் வரும். விடுதியில் பார்த்துக்கொண்டிருந்த ராத்திரி வேலையை விட்டபிறகு எனக்குப் பகலில் போக்கிடம் கிடையாது. மதியம் முழுக்க அந்தத் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து கிடப்பேன். அப்படிக் கிடந்த ஒருநாள் மறுபக்கத்திலிருந்து வயதான பெண் குரல் ஒன்று கேட்டது:

"என் தம்பிக்கு, உசுரோட இருக்கும்போதே, செத்தவங்களுக்குக் கலக்கற மாதிரி தண்ணி கலந்துட்டா அவ."

அப்புறம் யாரோ தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். மிச்சப் பேச்சு அந்தச் சத்தத்தில் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

[இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊரில் மண்ணுக்கடியிலிருந்து வரும் நீர் தோலை உரிக்கும் சூடு. முதலில் அதைத் தொட்டியில் விட்டு, பிறகு பச்சைத் தண்ணீரைச் சேர்த்துச் சூட்டைத் தணிப்போம். இறந்தவரைக் குளிப்பாட்டும்போது மட்டும் தலைகீழ்: முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். கலந்து முடிந்தபின் இரண்டும் ஒரே தண்ணீர்தான். விரலை விட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.]

3

தொடக்கங்கள்.

"மலைகள் சூழ்ந்த, வெண்ணிற ஆவி மிதக்கும் ஒரு சிற்றூரில்"

வேண்டாம். இது விடுதிகளின் விளம்பரத் தாளில் வருவது. ஆவி வெண்ணிறம்தான். ஆனால் அழுகிய முட்டை நாற்றம், கதவின் ஆணிகூடக் கறுத்து உதிரும்.

"ஃபுசாயே தன் கணவனை வெறுத்தவளல்ல. ஆனால்"

இதை 'ஆனால்' வரைக்கும் எழுதிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பின்னால் எதைப் போட்டாலும் அது அவளுக்குத் தீர்ப்பாகிவிடுகிறது. எனவே அவர்களைப் பேசவிடுகிறேன்.

4

ஃபுசாயே விடுதியில் அறைப் பணிப்பெண். படுக்கை விரிப்பாள், சாப்பாட்டுத் தட்டு சுமப்பாள். காலை விருந்தினர் கிளம்பிப் போனதற்கும் புது விருந்தினர் வந்து சேர்வதற்கும் நடுவே வீட்டுக்கு ஓடிவந்து கணவரைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்ப ஓடுவாள்.

கணவர் டோக்குஜி. ஊற்றிலிருந்து ஊருக்கு வரும் குழாய்களில் படியும் கந்தகக் கசடைச் சுரண்டுவது அவர் வேலையாக இருந்தது. அந்தக் குழாய்மேலிருந்து வழுக்கித்தான் விழுந்தார். முதுகு போயிற்று. ஆரம்பத்தில் தெருக்காரர்கள் அவரை முதுகில் சுமந்து பொதுக் குளியலுக்குக் கொண்டுபோனார்கள். அவரே நிறுத்திவிட்டார். "மூட்டையத் தூக்கிட்டுப் போய் ஊறப்போடறானுங்க. மூட்டைக்கு எதுக்குக் குளியல்?" அதிலிருந்து வீட்டில்தான்.

"இன்னிக்கு யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார் டோக்குஜி. அவள் அவருடைய சட்டை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"டோக்கியோலேருந்து ஒருத்தர். தட்டுல இருந்த மீன் தலையப் பாத்து மிரண்டுட்டாரு. 'இது என்னையே பாக்குது'ங்கறாரு."

"நீ என்ன பண்ணின?"

"தட்டத் திருப்பி வெச்சேன். அப்புறம் அது என்னையப் பாத்துச்சு."

டோக்குஜி சிரித்தார். சிரித்தால் முதுகு இழுக்கும். அதனால் அவர் சிரிப்பெல்லாம் பாதியில் நின்றுவிடும்.

பழைய மரத்தொட்டி அடி விட்டுப்போனதால் மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கியிருந்தாள். முந்தின நாள் வெந்நீரைத் திறந்ததுமே அதன் அடி அப்பளம் மாதிரி நெளிந்தது. எனவே இன்று பச்சைத் தண்ணீர்க் குழாயை முதலில் திறந்தாள். கால்வாசி நிறைந்ததும் வெந்நீர். அந்த நேரம் பார்த்து டோக்குஜியின் அக்கா மசுனோ, ஊறுகாய் முள்ளங்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி! என் தம்பி இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கான். கண்ணுல படலையா?"

ஃபுசாயே தன் கையைப் பார்த்தாள். கை இன்னும் குழாய்மேல் இருந்தது.

"ஐயோ, அண்ணி... இந்தத் தொட்டி சூடு பட்டா வளையுதுன்னுதான்..."

"தொட்டி வளையக்கூடாதுன்னு ஆளைப் பெட்டியில நீட்டிடுவியா?"

"விடுக்கா. தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றார் டோக்குஜி.

"நீ சும்மா கெட. பொணத்துக்கு எந்தத் தண்ணியும் நல்லாத்தான் இருக்கும்!"

சொன்னபிறகுதான் மசுனோவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. முள்ளங்கியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஃபுசாயே தண்ணீரைக் கொட்டவில்லை. விடுதிக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. அந்தத் தண்ணீரிலேயே குளிப்பாட்டினாள்.

5

பிளாஸ்டிக் தொட்டி என்னுடையது.*

* சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஃபுசாயேவைக் காப்பாற்ற நான் கடையில் வாங்கிக் கொடுத்தேன்.

அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? இந்த ஊரில் பிறந்த ஒருத்தி, நினைவு தெரிந்த நாளிலிருந்து வெந்நீரைத்தான் முதலில் திறந்தவள், ஒரு மதியம் மற்றக் குழாயைத் திறந்தாள். மறதி என்று எழுதினேன், அடித்தேன். இது மனம் நினைவில் வைத்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகச் செய்வது. அப்படியானால் கைக்குத் தெரிந்தே

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். அவள் எனக்குப் பிடித்த பாத்திரம். ஆனால் அவளை நம்புகிறேனா என்று கேட்டால், மதியத்துக்கு மதியம் மாறுகிறது.

6

அதற்குப் பிறகு டோக்குஜி மரியாதையாக நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கவளத்துக்கும் நன்றி சொன்னார். போர்வையைச் சரிசெய்தால் நன்றி. மூத்திரச் சட்டியை எடுத்தால், "உனக்கு ரொம்ப சிரமம்." விடுதியில் விருந்தினர்கள் அவளிடம் பேசுவதுபோல இருந்தது. சோறு குறைந்துகொண்டே வந்தது.

"வாயத் தொறந்து திட்டித் தொலைங்களேன்" என்றாள் ஒருநாள்.

"எதுக்கு? முள்ளங்கி நல்லா ஊறியிருக்கு."

"நாலு வார்த்தை திட்டினா எனக்கு நிம்மதியா இருக்கும்."

"அதான் திட்டல" என்று சொல்லிவிட்டு டோக்குஜி கண்ணை மூடிக்கொண்டார்.

(இது குரூரமா, வேடிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.)

7

இப்போது ஒரு காரியம் செய்கிறேன். விடுதியில் பழசென்று ஒதுக்கிய மரத்தொட்டி ஒன்றை ஃபுசாயேவிடம் கொடுக்கும்படி விடுதிக்காரர்களிடம் சொல்கிறேன். கெட்டியான தொட்டி, எந்தச் சூட்டுக்கும் அசையாது. அவள் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பழைய தொட்டியோடு அவளுடைய ஒரே சாக்குப்போக்கையும் நான் பிடுங்கிக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

பனி பெய்கிற மதியம். தொட்டியைக் குழாய்களுக்கு அடியில் வைத்தாள். டோக்குஜியின் சட்டையைக் கழற்றினாள். விலா எலும்புகள் முன்பைவிட வெளியே தெரிந்தன.

"ஃபுசாயே."

"ம்."

"அன்னிக்குக் கலந்தியே. அதே மாதிரி கலக்கு."

அவள் துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். "என்ன பேச்சு இது."

"அன்னிக்குத்தான் வலியில்லாம தூங்கினேன். கெடக்கறது போதும், கெளம்பலாம்னு நீ சொன்ன மாதிரி இருந்துச்சு."

"நான் அப்படிச் சொல்லல."

"தெரியும்" என்றார் டோக்குஜி. "இப்ப சொல்லு."

8

முடிவுகள்.

வெந்நீரைத் திறக்கிறாள், "பைத்தியமா உங்களுக்கு?" என்று திட்டுகிறாள். நல்ல மனைவி. வாசகர் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். டோக்குஜி தூங்கமாட்டார். இன்னொரு குளிர்காலம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், நன்றி சொல்லிக்கொண்டு.

பச்சைத் தண்ணீரைத் திறக்கிறாள். அவர் நிம்மதியாகத் தூங்குகிறார், விடியும்போது... இல்லை. தண்ணீர் யாரையும் கொல்லாது. மறுநாளும் அவர் பிழைத்திருப்பார். சரியென்று சொல்லிவிட்டவளும் சொல்லக் கேட்டவரும் ஒரே அறையில் கஞ்சி குடிப்பார்கள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். மேலே எழுத முடியவில்லை.

மசுனோ கதவைத் திறக்கிறாள். கூடாது. ஏற்கனவே ஒருமுறை அவளை வரவைத்தாயிற்று. கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

இரண்டு குழாயையும் ஒரே நேரத்தில் திறக்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது, புத்திசாலித்தனமாகவும் பட்டது. என் வீட்டுக் குழாயில் செய்துபார்த்தேன். பச்சைத் தண்ணீர் உடனே விழுந்தது. வெந்நீர்க் குழாய் செருமியது, துப்பியது, அப்புறம்தான் வந்தது. டோக்குஜி விழுந்தபிறகு குழாய்க் கசடை யாரும் ஒழுங்காகச் சுரண்டுவதில்லை. ஆக, இரண்டையும் சேர்த்துத் திறந்தாலும் அது செத்தவர்களுக்கான அந்தத் தண்ணீர்தான். இது அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

9

ஆகவே நான் எழுந்துகொள்கிறேன். தொட்டி காய்ந்து கிடக்கிறது. அவர் கண்ணை மூடவில்லை, குழாய்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃபுசாயேவின் கைகளை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பிளாஸ்டிக் தொட்டியைத் தேடாதீர்கள், அதை எடுத்துப் போய்விட்டேன்.

இடப்பக்கம் வெந்நீர். வலப்பக்கம் பச்சைத் தண்ணீர்.

வெளியே பனி. அவர் உடம்பில் துணியில்லை, நடுங்க ஆரம்பித்துவிட்டார். ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள்.