இடது முன்பக்கம்

கோட்டுக் கடையில் இருந்தது ஒரே ஓர் இடம். எங்கள் தையல் வகுப்பிலிருந்து கடைசிச் சுற்றுக்கு வந்தது நானும் என் நாத்தனாரும். ஆளுக்கொரு வெல்வெட் கோட்டு, கையில்லாமல். யாருடையது சுத்தமாக வருகிறதோ அவளுக்கு வேலை என்று டீச்சர் சொல்லிவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். வீட்டுக்காரரின் தங்கை என்பதற்காக விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயா?

இருவருக்கும் ஒரே அளவு, ஒரே துணி. முதல் நாள் வெட்டு, மறுநாள் தையல். அதுவரை நாங்கள் பருத்தியைத் தவிர எதையும் வெட்டியதில்லை. வெல்வெட் வழுக்குமென்று மடிக்காமல், துணியின் பின்பக்கத்தில் அளவு அட்டையை வைத்து ஒவ்வொரு துண்டாக வெட்டினோம். கடைசித் துண்டுக்கு எனக்குத் துணி பற்றவில்லை. இடது முன்பக்கத்தின் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன், கச்சிதமாக அடங்கிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். நாத்தனார் இன்னும் ஆற அமர வெட்டிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா அண்ணி? பையைக் குடுங்க, அலமாரியில வெச்சுப் பூட்டிடறேன்."

அலமாரிச் சாவி அவளிடம்தான் இருக்கும். இவளுக்கு எதற்கு இந்த அக்கறை என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை துண்டுகளை விரித்தேன். வலது முன்பக்கம் நல்ல சிவப்பு. இடது முன்பக்கம் கருத்துக் கிடந்தது. அடிப்பாவி! தன்னுடையது ஏதோ கெட்டுப்போய் என்னுடையதைச் சுட்டுவிட்டாள். அவள் நூல் எடுக்க உள்ளே போயிருந்தாள். அவள் பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு முன்பக்கமும் பளிச்சென்று ஒரே நிறம். காதும் காதும் வைத்தாற்போல் இடது துண்டுகளை மாற்றிவிட்டேன். என் பொருளை நான் எடுத்தால் அது திருட்டா என்ன?

உள்பக்கம் வெளியே தெரியத் தைத்துக் கடைசியில் திருப்புவதுதான் வழக்கம். அதனால் தைக்கும்போது அவளுக்கு எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் திருப்பி மாட்டியபோது என் கோட்டு ஜம்மென்று தொங்கியது. அவளுடையதில் ஒரு பக்கம் இருண்டிருந்தது.

டீச்சர் அந்தத் துண்டைத் தடவிப் பார்த்தார். "துணியெல்லாம் ஒண்ணுதான். வெல்வெட்டுல முடி ஒரே பக்கமா படிஞ்சிருக்கும். அட்டையைத் தலைகீழா வெச்சு வெட்டினா நிறமே வேற மாதிரி தெரியும். நீ திருப்பி வெச்சிருக்கே."

அவள் எதையும் எடுக்கவில்லை. கருத்த துண்டு நான் வெட்டியது. திருடியவள் நான்தான்.

"இல்ல டீச்சர், நான் நேராத்தான் வெச்சேன்," என்றாள் நாத்தனார். "அண்ணி பக்கத்துலதான இருந்தாங்க. சொல்லுங்க அண்ணி."

சொன்னால் வேலை போகும். மாமியார் வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"நான் கவனிக்கலையே," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அண்ணி எனக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டாங்க டீச்சர்," என்றாள். "நான்தான் திருப்பி வெச்சிருப்பேன் போல." பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க, வேலை உங்களுக்குத்தான கெடச்சிருக்கு. வாங்க, அண்ணன்கிட்ட நானே சொல்றேன்."