இறங்காத கைகள்

எல்லாரும் சௌக்கியமா? தோள்பட்டை வலி இல்லாமல் கை தூக்க முடிகிறதா? காரணமாகத்தான் கேட்கிறேன். எங்கள் ஊர்ப் பொதுப்பள்ளியில் ஒரு வகுப்பே தூக்கிய கையை வருஷக்கணக்காக இறக்கவில்லை.

அங்கே கடைசிப் பாடவேளை கேள்வி நேரம். நாளைக்கு ஓட்டுப் போடப்போகிற பிள்ளைகள் இன்றைக்கே கேட்டுப் பழகட்டும் என்பது டீச்சரின் எண்ணம். பம்பு கம்பெனி வந்ததும் ஊர்த் தலைவர் வகுப்புக்கே வந்து, அந்த வேளையில் இனி ஸ்க்ரூ முடுக்கப் பழகுங்கள் என்றார். “கம்பெனிக்குக் கை போதும்மா, வாய் எதுக்கு?” என்று டீச்சரையும் வீட்டுக்கு அனுப்பினார். தையல்காரர் மகள் கை தூக்கினாள். வகுப்பே தூக்கியது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தபடி போய்விட்டார். பதில் வராததால் கைகள் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

தையல்காரர் அந்தப் பிள்ளைகளின் சட்டைகளுக்குத் தோளில் பட்டன் வைத்தார். பிள்ளைகள் வளர்ந்தார்கள், பஸ்ஸில் கம்பி பிடிக்கச் சௌகரியம் என்றார்கள், கல்யாணம் கட்டினார்கள். கொண்டாட்டம் தலைவருக்குத்தான். ஊர்க்கூட்டத்தில் எதையும் கை எண்ணித்தான் முடிவு செய்வது. முதல் கேள்விக்கே பாதிக்கு மேல் கை இருந்தால் அடுத்ததைக் கேட்பதில்லை. வேன் வைத்து அவர்களை அள்ளிவந்து, “ஆதரிக்கிறவங்க?” என்று குமாஸ்தாவை முதலில் கேட்க வைப்பார். எல்லாம் நிறைவேறியது.

தையல்காரர் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் பரீட்சை எழுதி, கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கும் குமாஸ்தா ஆனாள். பள்ளியை மூடிக் கம்பெனிக்குக் கிடங்காகக் கொடுக்கும் தீர்மானம் வரும்வரை காத்திருந்தாள். அன்றைக்கு, “எதிர்க்கிறவங்க?” என்று முதலில் கேட்டாள். கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

“ஏய், யாரக் கேட்டு வரிசைய மாத்துற?”

“எங்க பாடத்த யாரக் கேட்டு மாத்துனீங்க? அன்னிக்குக் கை தூக்குனது இதக் கேக்கத்தான்யா.”

அடுத்தது அவளே எழுதி வைத்திருந்த, தலைவரை நீக்கும் தீர்மானம். அதற்குப் பழைய வரிசைப்படியே, “ஆதரிக்கிறவங்க?” என்றாள், சிரிக்காமல்.

தலைவர் ஏதோ சொல்லக் கை தூக்கினார். யாரும் என்னவென்று கேட்கவில்லை. அந்தக் கையும் நின்றுவிட்டது. டீச்சர் திரும்பி வந்தார், கேள்வி நேரமும் வந்தது. பழைய தலைவர் தினமும் கடைசி பெஞ்சில் கை தூக்கி உட்கார்ந்திருக்கிறார். “உங்களக் கடைசியாப் பாத்துக்கலாம்” என்பார் டீச்சர். அதற்குள் மணி அடித்துவிடும். பிள்ளைகள் அவர் கையில் பையை மாட்டுகிறார்கள், ஆணியைவிட உறுதி.

உங்கள் ஊரில் கைகள் எப்படி? ஒரு வரி எழுதிப் போடுங்கள்.