ஏட்டையா வீட்டு லத்தி

விளாங்குடியில அழகுபாண்டிய இன்னைக்கும் ஏட்டையான்னுதான் கூப்பிடுவாங்க. ரிட்டயராகி வருசம் எம்புட்டோ ஆச்சு, மீச வெளுத்துப் போச்சு, அந்த மெதப்பு மட்டும் போகல. காக்கிச் சட்டைய மடிச்சு பீரோவுல வச்ச மனுசன், லத்திய மட்டும் கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டி வச்சுக்கிட்டாரு. எதுக்குங்கிறீங்க? திருடன் வந்தா அடிக்கவா? திருடன் எங்க வந்தான். பொண்டாட்டி தாமரைச்செல்விதான் வீட்டுல இருந்தா.

ரசத்துல உப்பு கொறஞ்சா அடி. கதவத் தொறக்க நேரமானா அடி. ஆஸ்பத்திரியில கேட்டா, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. இதுல கொடுமையக் கேளுங்க. வருசா வருசம் ஆயுதபூசைக்கு அந்த லத்தியத் தொடச்சு, சந்தனம் குங்குமம் வைக்கிறதும் அவதான். அடிச்ச கம்புக்கு அடி வாங்குனவ பொட்டு வைக்கணுமாம்!

போன தீவாளிக்கு வாங்குன அடியில எடது தோளு இறுகிப் போச்சு. கை நெஞ்சுக்கு மேல ஏறல. தலைய சீவி ஒரு கொண்ட போடணும்னாக்கூட பக்கத்து வீட்டு ரோகிணிக்கிட்ட போயி தலையக் குடுத்துக்கிட்டு உக்காரணும். அடியப் பொறுத்தவளால இந்தக் கொண்டையப் பொறுக்க முடியல.

"தெனம் நான் போட்டு விடுறேன், எனக்கொன்னும் இல்ல மதினி. ஆனா சங்கத்து ஹாலுல ஒடற்பயிற்சி வகுப்பு நடக்குது, வாங்களேன். எல்லாம் நம்ம வயசுக்காரங்கதான், சேர்ல உக்காந்துக்கிட்டே செய்யலாம்"னு ரோகிணிதான் இழுத்துட்டுப் போனா.

சொல்லிக் குடுக்கிறது ஸ்யாமளா, ரிட்டயரான பி.டி. டீச்சர். கழுத்துல விசிலு தொங்கும். விசிலு ஊதுனா கம்பக் கீழ வச்சுரணும், அதுதான் அங்க சட்டம். ஆமா, கம்பு. "வீட்டுல கெடக்குற கம்பு ஆளுக்கொன்னு கொண்டு வாங்க, ரெண்டு கையாலயும் பிடிச்சு மேல தூக்குனா தோளு எளகும்"னு சொன்னாங்க. ரோகிணி ஒட்டடக் கம்பக் கொண்டு வந்தா. பேங்க் மேனேஜரா இருந்த அனந்தபத்மநாபன் சாரு ஸ்கிரீன் தொங்க விடுற பைப்பக் கழட்டிட்டு வந்தாரு. கறிக்கடை வீட்டு அஜ்மல் பீவி, தரை தொடைக்கிற மாப்புல துணிய உருவிப்போட்டு வெறுங்கட்டையோட வந்துச்சு.

தாமரை வீட்டுல வேற என்ன இருக்கு? பழைய சேலையில சுத்தி லத்தியக் கொண்டு வந்தா. ஏட்டையா டீக்கடையில பத்து மணி வரைக்கும் அரசியல் பேசுவாரு. அதுக்குள்ள திரும்பக் கொண்டு போயி ஆணியில மாட்டிருவா. கேட்டா கோயிலுக்குப் போனேம்பா.

மொத நாளு சுத்துன சேலைய அவுக்காமலே அதப் பிடிச்சாளாம். அப்புறம் பழகிருச்சு. மொகம் வரைக்கும் வந்துச்சு கை, நெத்தி வரைக்கும் வந்துச்சு. "இன்னும் ஒரு சாணுதான்க்கா, கொண்ட போட்டுக்கிட்டு நீங்களே வருவீங்க பாருங்க"னு டீச்சர் சொல்லுறப்பல்லாம் அவளுக்கு வாயெல்லாம் பல்லு.

ஆயுதபூசை வந்துச்சா. வகுப்புலயும் கும்பிடுவோம்னு சரஸ்வதி படத்துக்கு முன்னாடி எல்லாக் கம்பையும் சாத்தி வச்சு, சந்தனம், குங்குமம், பொரி, சுண்டலு.

"எங் கம்புக்குப் பொட்டு வேணாம்த்தா, அது பாட்டுக்கு அந்த மூலையில நிக்கட்டும். சுண்டலு மட்டும் எனக்கு ரெண்டு கரண்டி போடு"ன்னுச்சு அஜ்மல் பீவி.

சூடம் காட்டி, வாசல்ல பூசணிக்காய ஒடச்சாச்சு. தாமரை போயி லத்தியில கைய வச்சா. எல்லாரும், "ஆத்தாடி! பூசையில வச்சத நாளைக்குல்ல எடுக்கணும்!"

அப்பத்தான் அவளுக்கு ஒறச்சுச்சு. இம்புட்டு வருசமா பொட்டு வச்சவளுக்கு இது தோணல பாருங்க! சாயங்காலம் வீட்டுப் பூசைக்கு லத்தி வேணுமே.

ஆனா சாயங்காலம் வரைக்கும்கூடப் போகல. அந்த வருசம் காலையிலதான் நல்ல நேரம்னு ஏட்டையா சீக்கிரமே வீட்டுக்குப் போயிட்டாரு. ஆணி மொட்டையா இருக்கு. எதுத்த வீட்டுல விசாரிச்சா, "அக்கா சேலையில சுத்திக்கிட்டு தெனமும் சங்கத்து ஹாலுக்குல்ல போவாக"ன்னுட்டாங்க.

செருப்புக் காலோட ஹாலுக்குள்ள வந்தாரு. வந்த வேகத்துல தாமரையோட தலமயித்தக் கொத்தாப் பிடிச்சு செவுத்துல ஒரு மோது. மூக்குல இருந்து பொலபொலன்னு ரத்தம், பொரித் தட்டெல்லாம் செவப்பு. "எங் கம்ப வச்சு கூத்தாடி ஆட்டமா ஆடுற, சிறுக்கி!"

"போலீசக் கூப்பிடுங்க!"ன்னு கத்துனாரு அனந்தபத்மநாபன் சாரு.

"அவரே போலீசுதான்ய்யா!"ன்னு அழுதா ரோகிணி.

ஏட்டையா கையப் போட்டு பூசையில இருந்த லத்திய உருவிட்டாரு. வெளக்கு சாஞ்சு எண்ண ஓடுது. குறுக்க வந்த டீச்சருக்கு புருவத்துல ஒன்னு, பொளந்து போச்சு. ரோகிணிக்கு முட்டியில ஒன்னு. மத்தவங்க கையெல்லாம் கம்பப் பாக்குது, ஆனா ஒருத்தரும் எடுக்கல. பூசைக் கம்பாச்சே!

அஜ்மல் பீவிதான் மூலைக்குப் போச்சு. "யா அல்லா! எங் கம்புக்கு எவளும் பொட்டு வைக்கல. இந்தா பிடித்தா!"ன்னு மாப்புக் கட்டைய வீசுச்சு.

தாமரை பிடிச்சா. லத்தி மேல இருந்து வருது, அவ மண்டையப் பாத்து. யோசிக்கவெல்லாம் நேரமில்ல. ரெண்டு கையும் பழகுன மாதிரி கம்பப் பிடிச்சு விருட்டுன்னு தலைக்கு மேல போச்சு. தோளுக்குள்ள என்னமோ சடக்குன்னுச்சு. அந்த ஒரு சாணையும் தாண்டிப் போயிருச்சு கை! லத்தி கட்டையில பட்டுத் தெறிச்சு சுண்டல் சட்டிக்குள்ள விழுந்துச்சு.

ஏட்டையா வெறுங்கையப் பாக்குறாரு. அவ அவரப் பாக்கல. கட்டைய எறக்கி அவரு முழங்கால்ல போட்டா. காஞ்ச வெறகு ஒடியிற சத்தம். விழுந்தவர விடல. தொடையில, தோளுல, எந்திரிக்க ஊனுன கையில. ஒரு சொட்டு அழுகல. அந்தாளுதான் "தாமர, தாமர"ன்னு அலறுனாரு. அம்புட்டு வருசத்துல பேரச் சொல்லி அவரு கூப்பிட்டது அன்னைக்குத்தான். மண்டையப் பாத்து அவ ஓங்குனப்ப, மொகமெல்லாம் ரத்தமா நின்ன ஸ்யாமளா டீச்சர் விசில எடுத்து ஊதிட்டாங்க.

தாமரை நின்னுட்டா. கம்பக் கீழ வச்சா.

பெரியாஸ்பத்திரியில ஏட்டையாவுக்குக் காலுக்குக் கட்டுப் போட்டு, கைக்கும் போட்டுப் படுக்க வச்சாங்க. விசாரிக்க ஒரு சின்னப் போலீசு வந்தாரு. "என்னங்கய்யா இது, யாரு அடிச்சது?"

ஏட்டையா தாமரையப் பாத்தாரு, ரோட்டப் பாத்த சன்னலப் பாத்தாரு. பொம்பள கையால மாப்புக் கட்டையில அடி வாங்குனேன்னு எப்படிச் சொல்லுவாரு? "வாசல்ல பூசணிக்கா ஒடச்சிருந்தாங்க தம்பி. வழுக்கி விழுந்துட்டேன்."

"ஆமா தம்பி"ன்னா தாமரை, வீங்குன மூக்கோட. "வழுக்கி விழுந்தா இப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியாததா?"

அந்தத் தம்பி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு தொப்பியப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

"லத்தி எங்க?"ன்னாரு ஏட்டையா, மெதுவா.

"வகுப்புல இருக்கு. அங்கனயே இருக்கட்டும். நாளைக்கு நான் போகணும்." கட்டிலு பக்கத்துல நின்னுக்கிட்டே ரெண்டு கையையும் தூக்குனா. வலிச்சுச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டா. அவரு பிடிச்சு உலுக்குன மயித்த அள்ளி முறுக்கி, உச்சியில கொண்ட போட்டா. அந்த மனுசன் கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே கெடந்தாரு.