லியோனலை எழுப்பும் பாட்டு

ஷாந்தினியின் வாட்ஸ்அப் செய்தி வந்தபோது நான் தம்பினில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் பின்சுவரில் ஏணி போட்டு ஏர்கோன் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். இறங்கி நிழலுக்கு வந்துதான் படித்தேன்.

ஷாந்தினி தமிழ் டிவி நாடகங்களுக்குப் பாட்டுத் தேடிக் கொடுப்பவள். சொந்த ஊர் சிம்பாங் அம்பாட், இப்போது வேலை கோலாலம்பூரில். என்னைப் போல வீட்டில் ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டுகிற ஆட்களை எல்லாம் ஒரு குரூப்பில் போட்டு வைத்திருக்கிறாள். அவள் காட்சியைச் சொல்வாள். பொருத்தமான பாட்டு வைத்திருப்பவர்கள் அனுப்ப வேண்டும். பிடித்தால் கூப்பிடுவாள், பிடிக்காவிட்டால் ஒரு கும்பிடு பொம்மை வரும். என் பாட்டுகளுக்கு இதுவரை கும்பிடுதான். நாலு காதல் பாட்டு, ஒரு பிரிவுப் பாட்டு, மழைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கை கூப்பி அனுப்பிவைத்தாள்.

அன்று வந்த செய்தி இது: “தீபாவளி டெலிமூவி. காலையில அப்பா மகனை ஸ்கூலுக்கு எழுப்புறாரு. முக்கால் நிமிஷம் போதும். வீட்டுல சும்மா பாடுற மாதிரி இருக்கணும், ஸ்டூடியோ சத்தம் வேணாம் லா.”

அப்படி ஒரு பாட்டு என் போனிலேயே கிடந்தது. தினமும் காலையில் என் மகன் லியோனலை எழுப்ப நான் பாடியது. ஒருநாள் என் மனைவி பமேலா அறை வாசலில் நின்று அவள் போனில் பதிவு செய்து, தன் தங்கச்சிக்கும் எனக்கும் அனுப்பியிருந்தாள்.

‘எழுந்திரடா ராசா, ரொட்டிக்காரன் போயாச்சு,
மஞ்ச பஸ்ஸு முச்சந்தியில ஹாரன் அடிச்சாச்சு’

இப்படிப் போகும். பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. கடைசியில் போர்வைக்குள்ளிருந்து லியோனலின் குரல் வரும்: “பஸ்ஸு டயர் பஞ்சர்னு சொல்லுங்கப்பா!” அதற்குப் பமேலா சிரிப்பாள், பதிவு முடிந்துவிடும்.

லியோனல் டெங்கியில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும் என்று யாராவது காத்திருந்தால் ஏமாந்துபோவார்கள். அடைக்காது. பல் பிடுங்கும்முன் ஊசி போடுவார்களே, கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவருடைய கன்னம்போல் இருக்குமே, எனக்கு முழு உடம்பும் அப்படித்தான். அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆண்டவர் நல்லவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு” என்றார். அப்படியென்றால் நீங்கள் நூறு வருஷம் இருப்பீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதுகூடக் கோபத்தில் இல்லை. சும்மா தோன்றியது, அவ்வளவுதான்.

பமேலாவும் அழுவதில்லை. நாங்கள் அரிசி, தீர்ந்துபோன கேஸ் தோம்பு, தண்ணீர் பில் பற்றிப் பேசிக்கொள்வோம். அவள் ஒன்று சொன்னால் நான் ‘ம்’ என்பேன், நான் ஒன்று சொன்னால் அவள் ‘ம்’ என்பாள். இரண்டு வருஷத்தில் அந்த ஓர் எழுத்தை வைத்தே குடும்பம் நடத்தப் பழகிவிட்டோம்.

ஷாந்தினி கேட்ட காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு இந்த மலேசியாவில் இருக்காது. முறைப்படி என்றால் மறுபடி பாடிச் சுத்தமாகப் பதிவு செய்து அனுப்பியிருக்க வேண்டும். மறுபடி பாட எனக்கு மனம் வரவில்லை. சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். போனில் இருந்ததை அப்படியே தட்டிவிட்டு மறுபடி ஏணி ஏறிவிட்டேன். இறங்கி வருவதற்குள் பதில் வந்திருந்தது. கும்பிடு இல்லை.

“அங்கிள்! டைரக்டருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. சனிக்கிழமை சிம்பாங் அம்பாட்டுலதான் ஷூட்டிங். நடிகருக்குப் பாட்டைச் சொல்லிக் குடுக்கணும், வந்துருங்க.”

வீட்டில் பமேலாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எந்தப் பாட்டு?”

“எழுப்புற பாட்டு.”

கத்தி கொஞ்சம் நின்றது. “அவன் பேசுறதும் வருமா?”

“தெரியல. பாட்டை எடுத்துக்கிறாங்களாம்.”

“ம்” என்றாள்.

சனிக்கிழமை போனேன். எண்ணெய்ப்பனைக்கு நடுவே மிச்சமிருந்த ஒரு பழைய தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டை வாடகைக்கு எடுத்துப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலில் ஜெனரேட்டர் லோரி. உள்ளே டைரக்டர் யுகேந்திரன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்காரர், நெற்றியில் விபூதி, கழுத்தில் துண்டு. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஒரு படம், மாலை போட்ட யாரோ ஒரு பெரியவர், சுவரில் அப்படியே மாட்டியிருந்தது. அதற்குத்தான் அத்தனை சத்தம்.

“யாருய்யா இதை விட்டு வச்சது? நல்ல நாளுக்கு வர்ற படம்யா இது! செத்தவங்க சம்பந்தப்பட்டது ஒண்ணுகூட என் செட்டுல இருக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? பந்தாங், ஆகாது லா!”

ஒருவர் படத்தை இறக்கிக்கொண்டு வெளியே ஓடினார். ஷாந்தினி என் பக்கம் குனிந்து, “அவரு அப்படித்தான் அங்கிள். இந்த பந்தாங் விஷயத்துல மட்டும் யாரு சொன்னாலும் கேக்கமாட்டாரு” என்றாள். அவளுக்கு லியோனலைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொன்னதில்லை. யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை, எல்லாருக்கும் பமேலாவின் அண்ணன்தான் போன் போட்டுச் சொன்னார்.

பிறகு பாட்டை ஸ்பீக்கரில் போட்டார்கள். நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். லைட் பிடிப்பவர், கேமராக்காரர், சாப்பாட்டுக்காரம்மா எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் குரல் முடிந்தது. ‘பஸ்ஸு டயர் பஞ்சர்னு சொல்லுங்கப்பா!’

வீடே சிரித்தது. கேமராக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சாப்பாட்டுக்காரம்மா, “திருட்டுப் பய!” என்றார். “இன்னொருக்கா போடுங்க” என்று யாரோ கேட்டார்கள். மறுபடி போட்டார்கள், மறுபடி சிரித்தார்கள். என் மகன் அத்தனை பேரைச் சிரிக்க வைத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு வருஷத்தில் மனசுக்குள் ஏதோ ஒன்று ‘இருந்தது’ என்று நான் சொல்ல முடிந்தது அந்த ஒரு நேரம்தான்.

யுகேந்திரன் என் தோளில் கை போட்டார். “இந்த வாண்டு யாருண்ணே?”

“என் மகன்.”

“அப்படியே வச்சுக்குவோம்ணே. போர்வைக்குள்ள இருந்துதானே பேசறான், வாய் தெரியாது. நம்ம பையன் சும்மா படுத்திருக்கட்டும், குரல் இவனோடதே இருக்கட்டும். கூட்டிட்டு வந்திருக்கலாமே, இன்னிக்கு ஸ்கூல் இல்லையே?”

சொல்லியிருக்கலாம். சொன்னால் குரலை எடுத்துவிடுவார்கள், அந்தப் பெரியவர் படத்தை எடுத்ததுபோல. எனக்கு அது வேண்டாம் என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது.

“டியூஷன் போயிருக்கான்” என்றேன்.

“எத்தனாவது படிக்கிறான்?”

“அஞ்சாவது.”

“குரலைக் கேட்டா சின்னவனா இருக்கானே?”

“அது மூணாவது படிக்கிறப்போ எடுத்தது. இப்ப குரல் மாறிக்கிட்டு வருது. மறுபடி பேசச் சொன்னா இப்படி வராது.”

“அப்ப இதையே போட்டுருவோம்” என்றார் யுகேந்திரன். “நல்லா படிப்பானா?”

“கணக்குல மோசம். பந்து பந்துன்னு கிடப்பான். அம்மாகிட்ட தினமும் ஏச்சு வாங்குவான்.”

பொய் சொல்லச் சொல்ல எனக்கு நாக்கு குழறவில்லை. யாரும் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை. பிள்ளை பெற்ற ஒருவனிடம் பேசுவதுபோல்தான் என்னிடம் பேசினார்கள். அவன் ஒன்பதோடு நிற்காமல் அவர்கள் மத்தியில் பதினொன்றாகி, குரல் மாறி, கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தான்.

அந்தக் காட்சியை எடுத்தபோது நான் கதவோரம் நின்றேன். கட்டிலில் ஒரு பையன் தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தான். ஸ்பீக்கரில் என் குரல் பாடியது, நடிகர் வாயசைத்தார். போர்வை கொஞ்சம் அசைந்தது. உள்ளேயிருந்து லியோனல் பேசினான். நடிகர் போர்வையை இழுத்தபோது நான் என்னை அறியாமல் ஓர் அடி முன்னால் போய்விட்டேன். வேறு பையன். வெற்றிலை போட்டவன்போல் சிவந்த வாயோடு, கலர் ஐஸ்கட்டி சாப்பிட்ட பையன். கேமராவில் என் கால் விழுந்துவிட்டது என்று மறுபடி எடுக்கச் சொன்னார்கள். இரண்டாவது தடவை நான் வெளியே போய் ஜெனரேட்டர் பக்கம் நின்றுகொண்டேன்.

பமேலாவிடம் குரலும் வருகிறது என்று சொன்னேன். டியூஷனைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? செத்த பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவைத்தேன் என்றா?

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். வீட்டு வாசலில் வெள்ளை மைவி கார் நின்றது. ஷாந்தினி இறங்கினாள். நான் உள்ளே குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையும் சேறு. பமேலா கேட் பக்கம் போவதை ஜன்னலில் பார்த்தேன்.

“ஆண்ட்டி, நான் ஷாந்தினி. அங்கிளோட பாட்டு எடுத்தோமே. புலாவ் செபாங் வழியா வந்தேன், அப்படியே பாத்துட்டுப் போகலாம்னு. யூனிட்ல எல்லாருக்கும் டீசட்டை அடிச்சோம், தம்பிக்கும் ஒண்ணு. எங்க தம்பி?”

எழுந்து கூடம்வரை ஓடி நின்றுவிட்டேன். இன்னும் மிக்ஸிங் முடியவில்லை, தீபாவளிக்கு நாள் இருக்கிறது. பமேலா ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண் யுகேந்திரனிடம் சொல்லியாக வேண்டும். நாளைக்கே குரலை வெட்டிவிடுவார்கள். வீட்டுக்குள் ஓர் எட்டு வைத்தாலும் போதும். இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே லியோனல் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் சின்ன சிவப்பு பல்ப் எரிகிறது.

பமேலா மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூட உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுக்கிறவள். அவள் கேட்டைப் பாதி திறந்து, அந்தத் திறப்பை அடைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“டியூஷன் போயிருக்கான்மா” என்றாள்.

நான் கேட்டது சரிதானா என்று எனக்கே சந்தேகம்.

“அங்கிளும் அதைத்தான் சொன்னாரு, எப்பப் பாத்தாலும் டியூஷனா!” ஷாந்தினி சிரித்தாள். “அஞ்சாவதுன்னு சொன்னாரு, அதைப் பாத்து எடுத்தேன். சைஸ் சரியா இருக்கும்ல ஆண்ட்டி?”

“சரியா இருக்கும்மா. வந்ததும் குடுக்குறேன். வீடு ஒரே குப்பையா கெடக்கு, குழாய் வேலை. இன்னொரு நாளைக்கு வாம்மா.”

“தம்பி பேசுறதைக் கேட்டு எடிட்டிங்ல எல்லாரும் சிரிக்கிறாங்க ஆண்ட்டி. சொல்லுங்க அவன்கிட்ட.”

“சொல்றேன்.”

கார் திரும்பிப் போகும்வரை பமேலா கேட்டைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். நான் சேற்றுக் கையோடு கூடத்தில் நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏச்சு வாங்கத் தயாராக இருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, டீசட்டையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டாள். மஞ்சள் நிறம், நெஞ்சில் படத்தின் பெயர். தோள்பட்டையிலிருந்து கீழ்வரை சாண் வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள்.

“அஞ்சாவதுன்னா சொன்னீங்க?”

“ம்.”

“இது பத்தாதுங்க” என்றாள். “எங்க அண்ணன் ஒடம்பு அவனுக்கு. இந்நேரம் ஒங்க தோளுக்கு வந்திருப்பான்.”

அவள் கை இன்னும் துணிமேல் இருந்தது. அதைச் சின்னதாக மடிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க. ஒரு சைஸ் பெரிசா இருக்கான்னு கேளுங்க.”

கேட்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. கையெல்லாம் சேறு, முகத்தைத் துடைக்கக்கூட முடியவில்லை. பமேலா அந்த டீசட்டையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள், பிறகு அதிலேயே தன் முகத்தையும் புதைத்துக்கொண்டாள்.